நொம்பென் நகரின் நீர்க் கணக்கு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆறு பெருகியோடும் ஊரில் நீரை அளப்பானேன் என்று கேட்பாரும் உளர். பேராறுகள் கூடும் இடத்தில் அமைந்திருந்தும் குடிநீருக்குத் தவித்த ஒரு நகரத்தின் வரலாறு அக்கேள்விக்குத் தக்க விடையாகும். கம்போடியாவின் தலைநகராகிய நொம்பென் நகரே அது. மேக்கொங், தொன்லே சாப், பசாக் என்னும் ஆறுகள் அந்நகரின் வாயிலிலே சந்திக்கின்றன. அவ்வாறிருந்தும், 1993ஆம் ஆண்டில் அந்நகர மக்களுட் பெரும்பாலோர் குழாய்நீரைக் கண்டாரல்லர். குழாய் உள்ள வீடுகளிலும் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் அளவிலேயே நீர் வந்தது.

அந்நிலை நேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆட்சியைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் படையினர், நகர மக்கள் அனைவரையும் நாட்டுப்புறத்துக்குத் துரத்தினர். 1979ஆம் ஆண்டிலே மக்கள் மீண்டபோது, குழாய்களின் படங்களும் பதிவேடுகளும் சிதைந்திருந்தன. அவற்றை அறிந்திருந்த தொழிலறிஞருட் பலர் உயிருடன் இல்லை. மண்ணுக்குள்ளே குழாய் எங்கே ஓடுகின்றது, எந்த வீட்டுக்கு அது செல்கின்றது என்பதைத் திட்டமாகக் கூறுவார் இலர்.

1993ஆம் ஆண்டில் நகர நீர்வழங்கற் சபையின் பணிப்பாளராக எக் சொன் சான் என்னும் பொறியியலாளர் பொறுப்பேற்றார். அப்பொழுது நாளொன்றுக்குச் சுமார் 65,000 கன மீற்றர் நீர் சுத்திகரிக்கப்பட்டு நகருக்குள் விடப்பட்டது. அதில் நூற்றுக்கு 72 வீதம் எவ்விதக் கட்டணத்தையும் ஈட்டாமல் மறைந்தது. நூறு குடம் நீர் இறைத்தால், இருபத்தெட்டுக் குடத்துக்கே கணக்கு இருந்தது என்க. எஞ்சியதில் ஒரு பகுதி பழுதுற்ற குழாய்களின் வழியே மண்ணில் ஒழுகிற்று. ஒரு பகுதி களவாகப் பெறப்பட்டது. மற்றொரு பகுதி, பதிவேட்டில் இடம்பெறாத வீடுகளுக்குச் சென்றது. எந்தப் பகுதி எவ்வளவு என்பதை அறிய வழியில்லை. பதிவிலிருந்த தொடுப்புகளுள் எட்டில் ஒன்றுக்கே நீர்மானி பொருத்தப்பட்டிருந்தது.

இத்தகைய நிலையில் புதிய நீரேற்று நிலையம் ஒன்றைக் கட்டுவதே வழியென்று பலரும் எண்ணக்கூடும். ஓட்டைக் குடத்தில் எத்துணை நீர் வார்த்தாலும் அது நிரம்புமோ? சபையினர் குழாய்களைப் புதுப்பிக்கும் பணியோடு, பதிவேட்டைத் திருத்தும் பணியையும் தொடக்கத்திலேயே மேற்கொண்டனர். ஏறத்தாழ நூறு ஊழியர்கள் ஓராண்டு காலம் தெருத் தெருவாக, வீடு வீடாகச் சென்று, நீர் பெறுவோர் யாவர் என்பதை நேரிற் கண்டு எழுதினர்.

அவர்கள் கண்ட உண்மை வியப்புக்குரியது. பதிவேட்டில் 26,881 தொடுப்புகள் இருந்தன. அவற்றுள் 12,980 தொடுப்புகள் உண்மையில் இல்லாதவை. எழுத்தில் மட்டும் வாழ்ந்தவை. அதே வேளையில், நீர் பெற்றுக்கொண்டிருந்தும் பதிவேட்டில் ஏறாத தொடுப்புகள் 13,722 என்பது தெரியவந்தது. ஒன்றைக் கழித்து மற்றொன்றைக் கூட்டினால் 27,623 என்னும் தொகை வரும். பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் வேறுபாடு மிகச் சிறிது. மொத்தத் தொகையை மாத்திரம் நோக்கியிருந்த ஒருவர், கணக்கு ஏறக்குறையச் சரியே என்று மனநிறைவு கொண்டிருப்பார். ஆயின், அந்தத் தொகையினுள்ளே ஏறத்தாழப் பாதி பொய். கட்டணச் சீட்டு இல்லாத வீட்டுக்குப் போயிற்று. நீர் சீட்டில்லாத வீட்டுக்குப் போயிற்று.

பதிவேடு திருந்தியபின் ஏனைய சீர்திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு தொடுப்புக்கும் நீர்மானி பொருத்தும் வேலை 2001ஆம் ஆண்டளவில் நிறைவேறிற்று. குழாய்த் தொகுதி பல வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வலயத்துக்கும் செல்லும் நீரும் அதன் அமுக்கமும் இடைவிடாது பதியப்பட்டன. இம்முறையின் நுட்பம் எளிதில் விளங்கும். நள்ளிரவு கடந்து ஊர் உறங்கும் வேளையில் நீரின் தேவை மிகக் குறைவு. அப்பொழுதும் ஒரு வலயத்தின் மானி விரைந்து சுழலுமாயின், அங்கே எங்கேயோ குழாய் ஒழுகுகின்றது என்பது திண்ணம். நகர் முழுவதையும் தோண்டாமல், அந்த வலயத்தை மட்டும் தேடினாற் போதும். ஒழுக்கை அடைப்பதற்கென இரவும் பகலும் குழுவினர் ஆயத்தமாக நின்றனர். இழப்பைக் குறைத்த குழுவினர்க்கு ஊக்கப்பணம் வழங்கப்பட்டது. களவுத் தொடுப்புக்குத் துணைபோன ஊழியர்கள் வேலையினின்றும் நீக்கப்பட்டனர்.

கணக்கு யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் கொள்கை எளிதில் ஏற்கப்படவில்லை. அரசாங்கக் காரியாலயங்களும் செல்வாக்குடையோரும் கட்டணம் செலுத்தாது பழகியிருந்தனர். நிலுவையை வற்புறுத்தச் சென்ற தம் தலைக்கு நேரே படைத்தளபதி ஒருவர் துப்பாக்கியை நீட்டினார் என்று எக் சொன் சான் பிற்காலத்திற் கூறியுள்ளார். தளபதிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் ஒரே ஏடு, ஒரே மானி என்பதை நிலைநாட்டியதே அச்சபையின் பெரும் வெற்றி.

பயன் அடைந்தோருள் ஏழைகளே முதன்மையானோர். குழாய் இல்லாத குடிசைவாசிகள், நீர் விற்போரிடம் குழாய்நீரின் விலையினும் பன்மடங்கு கொடுத்து நீர் வாங்கி வந்தனர். யார் எங்கே வாழ்கின்றார் என்பது ஏட்டில் ஏறியபின், வறியவர்க்குத் தொடுப்புக் கட்டணத்தில் 30 முதல் 100 வீதம் வரை சலுகை வழங்கச் சபையால் இயன்றது. கட்டணத்தை மூன்று படிகளாக உயர்த்தத் திட்டமிட்டிருந்தபோதிலும், இழப்புக் குறைந்து வருவாய் பெருகியமையால் மூன்றாவது உயர்வு தேவைப்படாமற் போயிற்று.

2010ஆம் ஆண்டளவில், வருவாய் தராது மறைந்த நீர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 வீதமாகக் குறைந்தது. நகருக்குள் இருபத்துநான்கு மணித்தியாலமும் குழாயில் நீர் வந்தது. ஆயிரம் தொடுப்புகளுக்கு இருபத்திரண்டு ஊழியர் என்றிருந்த நிலை மாறி, நான்குக்கும் குறைந்தோர் போதுமாயினர். எக் சொன் சானுக்கு 2006ஆம் ஆண்டில் மகசேசே விருதும், சபைக்கு 2010ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரின் நீர்த்தொழில் விருதும் கிடைத்தன.

கணக்கு மட்டும் நீரைப் பிறப்பிக்காது என்பதும் உண்மை. நகரம் வளர வளர நீரின் தேவையும் வளர்கின்றது. அதனாலேயே 2023ஆம் ஆண்டில் பக்கெங் என்னுமிடத்திற் புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் முதற்பகுதி திறக்கப்பட்டது. ஆயினும், ஒழுகாத குழாயும் பொய்க்காத ஏடும் உள்ள நகரிலேதான், புதிதாகக் கட்டும் நிலையத்தின் நீர் மக்களின் குடத்தைச் சென்றடையும்.

நீர்வழங்கும் சபையின் ஏட்டில் ஒரு பெயர் விடுபடுமாயின், ஒரு வீட்டின் பங்கு விடுபடுகின்றது. மானியைப் படித்து எழுதும் எளிய ஊழியரின் எழுதுகோல் அணைகட்டும் பொறியியலாளரின் கருவிக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. மூன்று ஆற்றங்கரையில் நீரின்றித் தவித்த நொம்பென் நகரம், அளந்து வழங்கத் தொடங்கிய நாளிலிருந்தே தாகம் தீரத் தொடங்கிற்று.