பங்கு பிரிக்கும் முன்பே

சட்டமன்றத்தில் தமிழக பட்ஜெட் வாசித்த மறுநாள், எந்தத் துறைக்கு எவ்வளவு என்று பேப்பரில் தேடுகிறோம். ஆனால் பங்கு பிரிக்கும் முன்பே பணத்தின் பெரும்பகுதிக்கு வழி முடிவாகிவிடுகிறது.

சம்பளம் வந்த கையோடு வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் எடுத்து வைக்கிறோமே, அப்படித்தான். ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி. இவை முதலில். அதிலும் வட்டிக்குச் சட்டமன்றத்தின் ஓட்டே தேவையில்லை. அரசியல் சாசனம் அப்படி. விவாதிக்கலாம், வெட்ட முடியாது.

வட்டி போன்ற சில செலவுகள் தவிர மற்றதெல்லாம், துறைவாரியாக, சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையாக வரும். பள்ளிக்கல்விக்குப் பெரிய பங்கு. அதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். அதை வீண் செலவு என்பவர்களை நான் ஏற்கமாட்டேன். ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது? ஆனால் புது வகுப்பறையும் கழிப்பறையும் மிச்சப் பணத்துக்குக் காத்திருக்கின்றன. கட்டாயச் செலவு முதலில், கட்டடம் அப்புறம்.

மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். தமிழிலேயே, அரசு இணையதளத்தில், இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், பள்ளிக்கல்வித் துறையின் குறிப்பை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள்.