விட்டவாசல்

(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



கஞ்சமலையை அண்மையிற் கொண்டு, தறியோசை ஓயாத இவ்விளம்பிள்ளைப் பதியிலே திருக்குடமுழுக்கு இனிது நிறைவெய்தியது. திருப்பணிக்குப் பொருள் உதவிய அன்பர்கள் கோயிலுக்குள் வரும்பொழுது முதலில் நிமிர்ந்து நோக்குவது எதனை? வாயிலைத்தான். மூலத்தானத்தை நோக்குவதற்கு முன்னரே, 'நிலை நன்றாக அமைந்ததா, கதவு நன்றாகப் பொருந்தியதா' என்று அவர்கள் பார்ப்பது இயல்பே. எனவே, வாயில் ஒன்றின் வரலாற்றையே இன்று சிந்திப்பது பொருத்தமாகும். அது கட்டப்பட்ட கதையன்று, இடிக்கப்பட்ட கதை.

சேலத்திற்குப் போகும் நம்மவர் பலரும் 'கோட்டைக்குப் போகிறேன்' என்பர். கோட்டை மாரியம்மனை வணங்குவர். கோட்டை அழகிரிநாதரையும் சேவிப்பர். ஆயின் அக்கோட்டையின் மதில் எங்கே, வாயில் எங்கே என்று வினவினால் கைகாட்டுவார் இலர். கல் போயிற்று; சொல் நின்றது. இந்நிலையைப் பன்மடங்கு பெரிதாகக் காணவேண்டின் மதுரையை நோக்குதல் வேண்டும்.

மதுரை மதிலின் பெருமையைச் சங்கச் சான்றோர் பலபடப் பேசியுள்ளனர். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நகர வாயிலைக் கூறும் இடம் கற்றார் உள்ளத்தை விட்டு அகலாது. தெய்வம் உறையும் நெடிய நிலை. நெய் பூசப்பெற்றுக் கருமையேறிய திண்ணிய கதவு. அதன் வழியே வையை யாற்றின் நீரொழுக்குப் போல இடையறாது செல்லும் மக்கள் கூட்டம். வாயிலுக்கு ஆற்றை உவமை கூறிய திறம் வியக்கத்தக்கது. மதில் தடுப்பது, வாயில் ஒழுகவிடுவது. நம் ஆகமக் கோயில்களிலும் துவாரபாலகரை நிறுத்திக் காவல் வைத்தது அடியாரை விலக்குதற்கன்று; அஞ்சி ஒடுங்கிப் புகுக என்று உணர்த்துதற்கே.

சிலப்பதிகாரத்தில் இதே மதுரை வாயில் இருமுறை வருகின்றது. முதன்முறை கோவலன் நகரை நெருங்குகிறான். மதில்மேற் கொடிகள் காற்றில் அசைவது, 'வாராதே' என்று கை மறித்துக் காட்டுவது போன்றிருந்தது என்கிறார் இளங்கோவடிகள். வாளேந்திய யவனர் காத்துநின்ற வாயிலைக் கடந்து அவன் உட்புகுகிறான். இரண்டாம் முறை கண்ணகி நகரை நீங்குகிறாள். கொற்றவை கோயில் வாயிலிலே தன் பொற்றொடிகளை உடைத்தெறிந்துவிட்டு, கணவனோடு கீழைவாயில் வழியாகப் புகுந்ததையும், இப்பொழுது மேலைவாயில் வழியாகத் தனியே வெளியேறுவதையும் அவள் கூறும் சொல் சிறிது. அதன் சுமையோ பெரிது. ஊருக்கு வாயில்கள் எதற்கு என்று கேட்பார்க்கு இவ்வொரு காட்சியே போதும். மனிதன் எந்த நிலையில் புகுந்தான், எந்த நிலையில் போனான் என்பதற்கு வாயிலே சான்று. காவிய மதுரையின் வாயிலும் இன்றைய கீழவாசலும் ஒரே கல்லெனக் கொள்ளவேண்டா. நகரம் பலமுறை மாறியது.

புராண வழக்கோ இன்னும் அகன்றது. நகரின் எல்லையை அறிய விரும்பிய பாண்டியனுக்குச் சோமசுந்தரக் கடவுள் தம் திருக்கரத்துக் கங்கணமாகிய அரவத்தை ஏவி, அது தன் வாலை வாயிற் கவ்வி வளைந்து எல்லை காட்டியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். திருவாலவாய் என்ற பெயர்க்கு அதுவே காரணம். அம்மதிலின் வாயில்கள் பரங்குன்றம், திருவேடகம், திருப்பூவணம் முதலிய தலங்களை ஒட்டி அமைந்தனவாம். இம்மதிலை எந்தப் படையும் இடிக்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

கல்லாலாகிய மதிலுக்கு வருவோம். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, பின்னர்ச் சுல்தான்களின் ஆட்சி, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குமார கம்பணரின் வெற்றி, அதன்பின் நாயக்கராட்சி என்று மதுரை பல கைகள் மாறியது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்துப் பழங்கோட்டையை இடித்து, அதனினும் அகன்ற புதுக்கோட்டை ஒன்றை எழுப்பினார். எழுபத்திரண்டு கொத்தளங்கள், கொத்தளம் ஒன்றுக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்பது மரபு. ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். நம்மவர் இடித்தால் திருப்பணி என்றும், பிறர் இடித்தால் அழிவு என்றும் பேசுவது நேர்மையாகாது. பாண்டியர் கோட்டையை வீழ்த்தியது நாயக்கர் கையே.

ஆயினும் அக்கை ஓரிடத்தில் நின்றது. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில் இடிக்கப்படாமல் விடப்பெற்றது. இடியாமல் விட்ட வாசலாதலின் அது 'விட்டவாசல்' எனப் பெயர் பெற்றது. மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குக் கிழக்கே அது இன்றும் நிற்கின்றது. திருப்பணி செய்யும் பெருமக்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் நலம். பழைய மண்டபத்தைப் பிரிக்கும்போது கல்வெட்டுள்ள கல்லைத் தலைகீழாக வைத்துப் பாவியும், எழுத்தின்மேற் சுண்ணம் பூசியும், பொளிந்து புதுப்பித்தும் முன்னோர் பெயரை அழித்தவர்கள் பகைவர் அல்லர், பெரும்பாலும் பக்தர்களே. புதுமை செய்யும் ஆர்வத்திலே, எதனை விடுவது என்று ஒரு நாழிகை நின்று எண்ணிய அந்தப் பழைய கொத்தனை எவ்வளவு போற்றினும் தகும்.

நாயக்கர் கட்டிய புதுக்கோட்டையும் தன் வேலையைச் செய்தது. 1763-64இல் யூசுப்கான் என்னும் மருதநாயகம் அதனுள் நின்றுகொண்டு, நவாபின் படையையும் ஆங்கிலேயர் படையையும் ஒருங்கே எதிர்த்தான். பல திங்கள் முற்றுகை. பீரங்கிகள் முழங்கியும் மதில் எளிதில் வழிவிடவில்லை. இறுதியில் உள்ளிருந்தோரே அவனைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டான். வெளியிலிருந்து உடைபடாத வாயில் உள்ளிருந்து திறந்தது.

அதன்பின் கோட்டைக்குப் போர் இல்லை. நகரிலே மக்கள் பெருகினர். மதிலுக்குள்ளே காற்றுப் புக வழியில்லை. அகழி நீர் தேங்கியது. 1837 தொடங்கி, மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த பிளாக்பர்ன் துரை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையை மேற்கொண்டார். அவர் கண்ட உபாயம் எளியது. இன்ன அளவு மதிலை இடித்து, இன்ன அளவு அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்த நிலம் உரியது என்று அறிவித்தார். ஊராரே கடப்பாரை எடுத்தனர். காவலாக நின்ற கல் வீட்டுக்கு அடித்தளமாயிற்று. ஊருக்கு மூச்சு வேண்டியிருந்தது என்பது உண்மை. அவரைக் குறைகூறுதல் எளிது, முறையன்று. எனினும் நான்கு வாயில்களும் நிலைத்து நிற்க, மதில் மட்டும் நீங்கியிருக்கலாகாதா என்று நெஞ்சம் ஏங்காமல் இல்லை. மேற்கே, பெரியார் பேருந்து நிலையத்தின் அருகில் கொத்தளத்தின் ஒரு பகுதி மட்டும் எஞ்சியுள்ளது.

இனி, அந்நகரின் வீதிப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சேலையை விரித்துப் பார்க்கும் இவ்வூர் அன்பர்கட்கு உடலும் கரையும் வேறு வேறென்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோயிலைச் சூழ ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. இவை யாவும் திருவிழா மாதங்களின் பெயர்கள். இறைவன் எழுந்தருளியதாற் பெற்ற பெயர்கள். சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில் என்பதைக் கேட்டு வெளியூரார் வியப்பர். மாசியில் நிகழ்ந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். விழா இடம்பெயர்ந்தும் வீதி தன் பழைய மாதத்தை விடவில்லை. அவற்றிற்கு அப்பால் மதிலும் அகழியும் இருந்த இடத்தில் எழுந்த தெருக்களோ வெளிவீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி எனப்படும். இடித்து நிரவும் பணியை நடத்திய மேஸ்திரியும், நிலமளந்த அதிகாரியும் அங்கே பெயரளவில் வாழ்கின்றனர். மதில் எழுப்பிய மன்னர் பெயர் அந்தச் சுற்றிலே இல்லை!

ஆனால் வாயில்கள் பெயரை விடவில்லை. கீழவாசலில் வாசல் இல்லை. தெற்குவாசலிலும் மேலவாசலிலும் நிலையும் இல்லை, கதவும் இல்லை. எனினும் நாள்தோறும் பேருந்து நடத்துநர் 'கீழவாசல்', 'தெற்குவாசல்' என்று கூவுகின்றார். மக்கள் இறங்குகின்றனர், ஏறுகின்றனர். மாங்குடி மருதனார் கண்ட அந்த வையை ஒழுக்கு, வாயில் இல்லாத இடத்திலும் நிற்கவில்லை. கல்லோடு நிற்கும் விட்டவாசலின் கீழோ, காலையில் அம்மனைத் தொழச் செல்வோர் தலை நிமிர்ந்து பாராமலே கடந்து போகின்றனர்.