பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும் முன்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இளைஞர் முகாமைப் பற்றி நான் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இதில் இரு தரப்பிலும் மனக்குறை உண்டு என்பதை அறிவேன். "இத்தனை சட்டமா? இது முகாமா, சிறைச்சாலையா?" என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். "சாமி, வயசுப் பிள்ளைகளை வெளியே இராத்தங்க விடுவதா? ஜெபம் பண்ண நம்ம கோவில் போதாதா?" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். இருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான். அதற்கு முன், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய குற்றங்களைக் கேட்கிறவன், என் குற்றம் ஒன்றை உங்கள் முன் சொல்லிக்கொள்கிறேன்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 16, 17 ஆகிய சனி, ஞாயிறு நாட்களில், கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாக ஒரு முகாம் ஏற்பாடு செய்திருந்தேன். இடம், தாமிரபரணிக் கரையில் ஒரு தோப்பு வீடு. முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அரிசி, பருப்பு வாங்கியாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. வழக்கம்போல் முந்தின ஞாயிறு திருப்பலிக்குப் பின் பெற்றோர் கூட்டம் நடந்தது. அப்பொழுது ஓர் ஆச்சி எழுந்து, "சாமி, ஆத்தங்கரை வேண்டாம். மார்கழி பிறக்குற நேரம், மழை இன்னும் முடியலை. தொண்ணூத்திரண்டுல ஆறு வந்த வரத்த நான் கண்ணால பாத்தவ" என்றார்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானோ சிரித்துக்கொண்டே, "ஆச்சி, முப்பது வருசத்துக் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டேன். ஆச்சி பேசாமல் உட்கார்ந்துவிட்டார். ஆனால், பெண் பிள்ளைகளுக்குத் துணையாக வர ஒப்புக்கொண்டிருந்த இரண்டு தாய்மார் அன்று மாலையே வந்து, தங்களால் வர இயலாது என்றார்கள். பெண் பொறுப்பாளர் இருவர் இல்லாமல் முகாம் புறப்படக் கூடாது என்பது நம் விதி. "இந்த ஒரு தடவை மட்டும் விட்டுவிடலாமே, சாமி" என்று பையன்கள் கெஞ்சினார்கள். என் மனமும் அதற்குச் சாய்ந்தது. ஆனால் விதி என் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானே மீற வெட்கமாக இருந்தது. ஆகவே முகாமை ஒத்திவைத்தேன். முழு மனதோடு அல்ல, முணுமுணுப்போடுதான். அந்த ஆச்சியின் மேல் ஒரு வாரம் கோபமாகவே இருந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 17-ஆம் தேதி ஞாயிறு பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், நம் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் என்று கொட்டித் தீர்த்தது. ஞாயிறு மாலை வீடு திரும்புவது எங்கள் திட்டம். அந்த மழையில் எந்த வண்டி நம்மை அழைக்க வந்திருக்கும்? வெள்ளம் வடிந்த பின் அந்தத் தோப்பு வீட்டைப் போய்ப் பார்த்தேன். சன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்ற கறை சுவரில் இருந்தது. பிள்ளைகள் பாய் விரித்திருக்க வேண்டிய இடத்தில் வண்டல் படிந்து கிடந்தது. அங்கேயே முழந்தாளிட்டு அழுதேன். அன்று மாலை ஆச்சியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதே ஞாயிறு இரவு நம் ஊர் இரயில் நிலையத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வந்து நின்றது. நிலைய அதிகாரி ஜாபர் அலி அவர்கள் வண்டியை மேலே விடவில்லை. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்தின் அடியில் இருந்த சரளையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பயணிகளுக்கு எத்தனை சிரமம்! இரண்டு இரவு அவர்கள் இங்கேயே கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் துன்பத்தையும் பாராமல் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 19-ஆம் தேதிதான் மீட்பு முடிந்தது. ஆனால் ஒரு மனிதர் 'நில்' என்று சொன்னதால் அத்தனை பேரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். முகாம் விதி என்பது பிள்ளைகள் மேல் உள்ள சந்தேகத்தால் வருவதல்ல. நல்ல எண்ணம் கொண்டவர்களும், குருவானவர் உட்பட, ஆசையினாலும் அவசரத்தினாலும் தவறக் கூடும் என்பதை அறிந்து, அமைதியான நேரத்தில் நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் சிவப்பு விளக்கு அது.

அப்படியானால் முகாமே வேண்டாமே என்பீர்கள். அதுவும் சரியல்ல. நம் ஆண்டவரும் தம் சீடர்களைக் கூட்டத்தை விட்டுத் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்றார். தொன் போஸ்கோ இலையுதிர் காலம் தோறும் தம் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு, பாண்டு வாத்தியத்தோடு, தம் பிறந்த ஊர்ப் பக்கத்து மலைக் கிராமங்களுக்குக் கால்நடையாகப் போவார். வழியெங்கும் பங்குக் குருக்களும் உபகாரிகளும் அவர்களை வரவேற்று இடமும் உணவும் கொடுத்தார்கள். ஒரு பையன் வீட்டில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி. சோறு வடிக்கவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்து உட்காரும்பொழுதுதான் அவன் உள்ளம் வெளிப்படுகிறது. வகுப்பில் வாய் திறவாத பெண் பிள்ளை, இரவு ஜெபத்தில் முதன்முறையாகத் தன் வீட்டுக் கவலையைச் சொல்லி அழுததை நான் கண்டிருக்கிறேன். இந்த நன்மையை நம் பிள்ளைகள் இழக்கக் கூடாது.

இனி விதிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, இடத்தை எழுத்து மூலம் முன்பதிவு செய்ய வேண்டும். வேறு பங்கின் கட்டடமானால் அந்தப் பங்குத்தந்தைக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போக வேண்டும். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எப்பொழுது வருகை, எப்பொழுது புறப்பாடு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள வல்லநாட்டு வெளிமான் சரணாலயம், களக்காடு முண்டந்துறைக் காடு போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி, அதுவும் ஒரு வார விடுமுறை ஞாயிறுதான், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் மாண்டன. அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களைக் குறித்து, வழிகாட்டியோடு செல்லும்படி இணையத்தில் முன்பதிவு செய்யும் ஏற்பாடும் வந்தது. முன்பதிவு என்பது இடம் பிடிப்பதற்கு மட்டுமல்ல. நாம் எங்கே இருக்கிறோம் என்பது நம்மைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவுமே.

இரண்டாவது, பெற்றோரின் கையெழுத்து. பிள்ளையே அப்பா கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வருவது நமக்குத் தெரியாததல்ல! ஆகவே பெற்றோரில் ஒருவர் கூட்டத்துக்கு நேரில் வந்து போட வேண்டும். பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை ஏதும் இருந்தால் மறைக்காமல் எழுதித் தாருங்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அது தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அந்தத் தாள் பொறுப்பாளர் பையை விட்டு வெளியே வராது.

மூன்றாவது, தலை எண்ணுதல். ஏறும்போதும் இறங்கும்போதும், உண்ணும்போதும் உறங்கும்போதும் எண்ண வேண்டும். பன்னிரண்டு வயதில் நம் ஆண்டவர் எருசலேமில் தங்கிவிட்டபொழுது, மாதாவும் சூசையப்பரும் கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். தேடிக் கண்டது மூன்றாம் நாள். திருக்குடும்பத்துக்கே அந்த வேதனை நேர்ந்ததென்றால் நாம் எம்மாத்திரம்? 'யாரோ பார்த்துக்கொள்வார்கள்' என்ற நினைப்பில்தான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

நான்காவது, தண்ணீர். "நான் ஆத்துல பொறந்தவன், சாமி" என்று சொல்லாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றின் அடியில் எங்கே இருக்கின்றன என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும். அணைக்கட்டுப் பக்கம் போகவே கூடாது. மணப்பாட்டுக்குத் திருயாத்திரை போகும்போதும் இதே விதிதான். சவேரியார் தங்கிய குகையைத் தரிசியுங்கள், திருச்சிலுவைக் கோவிலில் ஜெபியுங்கள். கடலில் இறங்குவதானால் அவ்வூர் மீனவப் பெரியவர் ஒருவர் இடம் காட்டி, கரையில் நிற்க வேண்டும். கடல் குணம் அவர்களுக்குத்தான் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றோரத்தில் இனி முகாம் கிடையாது.

ஐந்தாவது, பெரியவர்களுக்கான விதி. இதைக் கூச்சமின்றிச் சொல்கிறேன். ஆண், பெண் பிள்ளைகள் தனித்தனிக் கட்டடத்தில் தங்க வேண்டும். பெண்களுக்குப் பெண் பொறுப்பாளர் இருவராவது வேண்டும். எந்தப் பெரியவரும், அவர் குருவானவராயினும், கன்னியராயினும், உபதேசியாராயினும், ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனித்திருக்கக் கூடாது. பாவசங்கீர்த்தனம் நாலு பேர் பார்க்கும் திறந்த இடத்திலேயே நடக்கும். பிள்ளைகளைப் பாதுகாக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. நம் திருச்சபையிலேயே நடந்த தவறுகளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் கண்டிப்பான நெறிமுறைகளை அளித்தார். "சாமியைச் சந்தேகப்படலாமா?" என்று கேட்காதீர்கள். சாமியும் விதிக்கு உட்பட்டவரே. உங்கள் பிள்ளை ஏதேனும் சொன்னால், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். முதலில் கேளுங்கள்.

ஆறாவது, பயணம். சுமை வண்டியில் பின்னால் நின்றுகொண்டு போவது அறவே கூடாது. பேருந்துக் கட்டணம் அதிகமென்றால் பக்கத்து இடத்தைத் தேர்ந்தெடுப்போம். பணமில்லாத காரணத்தால் ஒரு பிள்ளையும் பின்தங்க வேண்டியதில்லை. அதை என்னிடம் தனியே சொன்னால் போதும். இடம் குறைவாயிருந்தால், இதுவரை முகாமே காணாத பிள்ளைகளுக்கு முதலிடம்.

கடைசி விதி, நான் கண்ணீரோடு சேர்த்துக்கொண்டது. பெற்றோர் கூட்டத்தில் இடத்தைப் பற்றியோ பருவத்தைப் பற்றியோ ஒருவர் அச்சம் தெரிவித்தாலும், அவரைச் சிரித்து உட்கார வைக்கக் கூடாது. அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, விசாரித்து, பதில் சொன்ன பிறகே புறப்பட வேண்டும்.

பிள்ளைகளே, அந்த வெள்ளத்துக்குப் பின் நீங்கள் முகாமுக்கு வாங்கிய அரிசியையும் பருப்பையும் சமைத்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தீர்கள். தள்ளிப்போன முகாமை விட அது உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பிறகு கோடையில் முகாமும் நடந்தது. முப்பத்தெட்டுப் பேர் போனோம், முப்பத்தெட்டுப் பேர் திரும்பினோம். அந்தக் கணக்குச் சரியாக இருப்பதற்காகத்தான் இத்தனை விதிகளும்.

பெற்றோர்களே, பயந்து அனுப்பாமல் இராதீர்கள். கேள்வி கேட்டு அனுப்புங்கள். அன்று எழுந்து நின்று பேசிய ஆச்சி இன்றும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த முகாமின் பெற்றோர் கூட்டத்துக்கு அவரையே தலைமை தாங்கக் கேட்டிருக்கிறேன். "எனக்குப் படிப்பு இல்லையே, சாமி" என்கிறார். படித்தவன் செய்த தவறைத் திருத்தியவர் அவர் அல்லவா?

பயணங்களின் துணையாகிய தேவமாதா நம் பிள்ளைகளைக் காத்து, போன வழியே சுகமாய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பாராக. ஆமென்.