தூக்கிலிட்டதும் தொங்கவிட்டதும்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் கயத்தாறுக்காரன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். இந்தக் கல்லூரியை விட்டுப் போனதும் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனேன். "உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். கேட்கணுமா? 1799 அக்டோபர் 16-ல் வீரபாண்டிய கட்டபொம்மனை வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்ட ஊர் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அதில் 'ஹங்' என்று சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். "கட்டபொம்மன் என்ன ஜன்னல் திரையா? 'ஹேங்டு'ன்னு சொல்லணும் தம்பி" என்றார். அவ்வளவுதான், வாய் கட்டிப்போச்சு. அப்புறம் கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வேலை போச்சு.

ஊருக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். 'ஹேங்' என்ற வினைக்கு இறந்தகாலம் இரண்டு. கொடியில் சட்டை தொங்கினாலும், சுவரில் படத்தை மாட்டினாலும், கம்ப்யூட்டர் அசையாமல் நின்றாலும் 'ஹங்'. தூக்குத் தண்டனைக்கு 'ஹேங்டு'. காரணம் என்ன? பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வினைகள். பின்னால் கலந்து ஒன்றாகிவிட்டன. 'ஹேங்டு' மட்டும் கோர்ட்டு மொழியில் தங்கிவிட்டது. நம் 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு சட்டத்திலும் அதே சொல்தான். பேச்சில் ஆங்கிலேயர்களே இதை மாற்றிச் சொல்வதுண்டு.

யோசித்துப் பார்த்தால், இந்த வித்தியாசம் நமக்குப் புதுசா? கட்டபொம்மனைத் 'தூக்கிலிட்டார்கள்' என்கிறோம். அரிக்கேன் விளக்கைத் 'தொங்கவிட்டார்கள்' என்கிறோம். எங்க ஊர்ச் சின்னப்பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. தமிழில் இரண்டு என்றால் ஆங்கிலத்திலும் இரண்டு இருக்குமோ என்று நான்தான் கேட்டுப் பார்க்கவில்லை.

இன்று எங்கள் ஊர்ப் பக்கமே காற்றாலைகளில் எனக்கு வேலை. கிரேன் கொக்கியில் இறக்கை தொங்கியதை ரிப்போர்ட்டில் 'ஹங்' என்று எழுதும்போதெல்லாம் அந்த இன்டர்வியூ ஞாபகம் வரும். என் வேலையைப் பறித்தது அந்த ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டதுதான்.

தமிழ் வழியில் படித்து வந்த தம்பி தங்கைகளே, யாராவது திருத்தினால் "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்க. சொல்லைச் சாயங்காலம் அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.