வயது ஏறினும் பயிற்சி தளரலாகாது
(வாலிபர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வயதிற் சிறியவனாகிய நான் பெரியோர் வீற்றிருக்கும் இச்சபையில் முதுமையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் தேகப்பயிற்சியைப் பலர் கைவிடுவது முதுமையிலன்று, எங்கள் வயதிலேதான். ஆகையால் இதைப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு.

பாடசாலையில் ஆசிரியர் விசில் ஊதினார், நாம் ஓடினோம். படிப்பு முடிந்ததும் விசில் ஓய்ந்தது, கால்களும் ஓய்ந்தன. பின்னர் உத்தியோகம், விவாகம், பிள்ளைகள். நம் பாட்டன்மாருக்குத் துலாவும் மண்வெட்டியுமே பயிற்சியாயிருந்தன. இன்று மின்சார மோட்டார் நீர் இறைக்கின்றது. கடைத்தெருவுக்கும் மோட்டார் சைக்கிளிலே போகின்றோம். தொழிலோடு தானே வந்த உழைப்பை இன்று நாமே தேடிச் செய்ய வேண்டியிருக்கின்றது.

இந்த உழைப்பின் பயன் யாது? லண்டன் நகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தோரை ஜெரமி மொறிஸ் என்னும் வைத்தியர் ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நாள் முழுதும் இருந்து வண்டி செலுத்திய சாரதிகளிலும், படி ஏறி இறங்கி டிக்கட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே கண்டது. மொறிஸ் தாமும் முதுமையில் பயிற்சியை விடாதவர். 2009ஆம் ஆண்டில் 99ஆவது வயதில் காலமானார்.

"இனி எமக்கு எதற்கு?" என்று பெரியோர் கேட்கலாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், சராசரி 90 வயதுடைய, உடல் நலிந்த 10 முதியோருக்குக் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. எட்டு வாரம் முடிய, நிறைவு செய்த 9 பேரின் கால் வலிமை சராசரி 174 சதவீதம் கூடியிருந்ததாக 1990ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கின்றோம். இங்கே தொண்ணூறிலும் வளைந்திருக்கின்றது!

ஆனால் நம் கவனத்துக்குரியது அடுத்து நிகழ்ந்ததே. பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் கழிந்ததும், அவ்வலிமையில் 32 சதவீதம் குறைந்துவிட்டது. தேகபலம் வங்கியிலிட்ட பணமன்று. விளக்குக்கு வார்க்கும் எண்ணெய். நேற்று வார்த்தது நேற்றே எரிந்துவிட்டது. "அக்காலத்தில் நான் எப்படிப் பந்து விளையாடினேன் தெரியுமா!" என்ற பெருமை இன்றைக்குப் படி ஏற உதவாது.

ஆகவே வேண்டுவது வீரமன்று, ஒழுங்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரைப்படி, முதியோர்க்கும் வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும். வேகமாக நடப்பதாயின் நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இரண்டு நாளாயினும், விழாது நிலைத்து நிற்க உதவும் பயிற்சி மூன்று நாளாயினும் வேண்டும். கதிரையில் கை ஊன்றாமல் எழுந்து எழுந்து இருத்தலும், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்றலும் இவற்றுக்கு எளிய வழிகள். காசு செலவில்லை. நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்டுச் சிறிது சிறிதாகத் தொடங்குக.

தொடர்ந்து செய்வதற்கு வழி என்ன? நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாரி மழை பெய்தால் விறாந்தையிலே நடவுங்கள். காய்ச்சலால் ஒரு வாரம் தவறினால், பழைய அளவிற் பாதியோடு மீண்டும் தொடங்குங்கள். எல்லாவற்றிலும் மேலாக, ஒரு துணையைத் தேடுங்கள். படலையில் ஒருவர் காத்து நிற்கிறார் என்றால் சோம்பல் தானே அகலும்.

நண்பர்களே, அத்துணை நம் வீட்டிலேயே இருக்கின்றது. நாளைக் காலை தந்தையாரையோ தாயாரையோ அழைத்துக்கொண்டு நடக்கப் புறப்படுங்கள். பின்னொருநாள் கைபிடித்து அவர்களை வீதி கடத்துவது நம் கடமை. அவர்கள் தாமே கடக்கும் வலிமையோடிருக்க இன்றே உதவுவது அதனினும் பெரிய கடமை. அப்பழக்கம் நம்மையும் நம் முதுமைவரை காக்கும்.