கடலுக்கு அப்பால் இருந்து வந்த தீபாவளி

1982 இல் இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாகினி வந்துவிட்டது. ஆனாலும் நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறைப் பக்கம் ரீவி வைத்திருந்தவர்கள் அன்ரெனாவை இந்தியாப் பக்கம்தான் திருப்பினார்கள். ஒருவர் வெளியில் கம்பத்தைத் திருப்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம்... நில், நில்! ஐயோ, போட்டுது!" என்று சத்தம் கேட்கும். புள்ளிமழைக்குள்ளே இந்தியாவின் தூரதர்சன் தெரியும். மின்சாரம் இல்லாத வீட்டில் கார் பற்றரி.

தீபாவளி நெருங்கினால் நிகழ்ச்சியைவிட விளம்பரத்துக்குத்தான் மவுசு. நிர்மா சலவைத்தூள் பாட்டு பிள்ளைகளுக்குத் தேவாரத்துக்கு முதலே பாடம். பட்டுச்சேலை விளம்பரம் வந்தால் அம்மாமார் கரையின் அகலம் பற்றி விவாதிப்பார்கள். கடையோ கடலுக்கு அப்பால்! வாங்க வழியில்லாதவர்களை இவ்வளவு மகிழ்வித்த வியாபாரம் வேறு இல்லை என்பேன்.

1990 இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பற்றரிக்கும் தடை. பிறகு சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்ட காலம்.

அந்த விளம்பரங்கள் பதிந்த பழைய கசெற் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறது. நாடா ஒட்டிப்போக முதல் கொண்டுபோய்க் கொடுங்கள்.