தங்கவயல் தந்த ஆசிரியர்

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதிக்குச் சென்றோர் சயனைடு மண்மேடுகளைக் கண்டிருப்பர். சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எனினும், பிழைப்பு நாடி வந்த தமிழர்தம் உழைப்புக்கு அம்மேடுகள் இன்றும் சான்றாக நிற்கின்றன.

அவ்வாறு தங்கவயல் வந்த குடும்பங்களுள் ஒன்று முனுசாமியின் குடும்பம். அவர் 1890-இல் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் பயின்றுவந்த படிப்பு இடையில் நின்றது. இளமையிலேயே தங்கவயலில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் துறவு பூண்டு, சுவாமி சகஜானந்தர் ஆனார்.

துறந்தவர் தம் மக்களை மறந்தாரில்லை. தீண்டாமையால் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக, 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அன்று பயின்றோர் 25 பேர். உண்ண வழியில்லாத பிள்ளை பாடத்தில் மனம் செலுத்துவது எங்ஙனம்? ஆதலின் பள்ளியோடு விடுதியும் அமைந்தது. சட்டமன்ற உறுப்பினராக விளங்கிய காலத்தும், 1959-இல் மறையும் வரை, அப்பள்ளியே அவர்தம் உயிராக இருந்தது. இன்று அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அரசு மேல்நிலைப் பள்ளிகளாக வளர்ந்துள்ளது.

ஊர் விட்டு வந்து உழைக்கும் அன்பர்களே, நம் பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றுவிடாமல் காப்பதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும்.